வாசகர் கேள்வி – பதில்: உட்கார வைத்துவிட்டால் படிப்பு வந்துவிடுமா?

பள்ளிக்குப் போவதைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியதில் பிள்ளைகள் எதை இழந்தார்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் திட்டியிருந்தார்கள், சிலர் அழுதிருந்தார்கள். 27 வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு இப்படி எழுதலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அந்த 27 வருடம்தான் என்னை எழுத வைத்தது. எல்லாக் கடிதத்துக்கும் இங்கே இடமில்லை. ஏழு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன், பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அம்மா, என் மகனுக்கு ஒன்பது வயது. ஞாயிறு இரவே முகம் வாடிப்போகிறது. திங்கள் காலை வயிற்று வலி. டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்கிறார். இதே பையன் லீவு நாளில் சுவரோரம் போகிற எறும்பு வரிசையை இரண்டு மணி நேரம் அசையாமல் பார்க்கிறான். ரிப்போர்ட்டில் ‘கவனம் போதாது’ என்று எழுதி அனுப்புகிறார்கள். பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய்

இரண்டு மணி நேரம் எறும்பைப் பார்க்கிறவனுக்குக் கவனம் போதாது என்று எப்படிச் சொல்வது? அவனிடம் கவனம் நிறையவே இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்யத்தான் அவனுக்கு அனுமதி இல்லை.

ஆனால் நிறுத்துவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் வயிற்று வலி. அது நடிப்பு இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பயம் வயிற்றில்தான் வந்து உட்காரும். என் வகுப்பில் இப்படி ஒரு பையன் இருந்தான். அவனுக்குக் கரும்பலகை எழுத்தே தெரியவில்லை. கண்ணாடி போட்டதும் வலி போய்விட்டது. ஒரு பெண்ணைப் பின் பெஞ்சில் இரண்டு பேர் தினமும் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் அவள் வாயே திறக்கவில்லை. இன்னொருவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே பெரும்பாடு, எழுந்து வாசிக்க வேண்டிய நாளெல்லாம் காய்ச்சல். உங்கள் மகனுக்கு இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஏன் போக மாட்டேன் என்கிறாய்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘ஸ்கூல்ல எந்த நேரம் ரொம்ப மெதுவா போகுது?’ என்று கேளுங்கள். அவன் சொல்லும் நேரத்தில் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்றால், நான் பல வருடம் கண்டுகொள்ளாமல் விட்ட காரணம் ஒன்று இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் தசம பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். 1ஐ 7ஆல் வகுத்தால் 0.142857 வரும், அப்புறம் அதே ஆறு இலக்கம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அதைப் போட்டுக் காட்டிவிட்டு 2/7, 3/7 இரண்டையும் நீங்களே போடுங்கள் என்றேன். எப்போதும் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பையன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். சுண்டுவிரல் ஓரம் முழுக்க பென்சில் கரி. நான் சொன்ன இரண்டோடு நிற்காமல் 6/7 வரை போட்டிருந்தான். ‘டீச்சர், எல்லாத்துலயும் அதே ஆறு நம்பர்தான் சுத்திச் சுத்தி வருது. 1, 4, 2, 8, 5, 7. எங்க ஆரம்பிக்குதுங்கிறதுதான் மாறுது. 13ஆல வகுத்தாலும் இப்படி வருமா?’

மணி அடித்தது. ‘நாளைக்குப் பார்க்கலாம், இடத்துக்குப் போ’ என்றேன். மறுநாள் மாதத் தேர்வுக்கு ரிவிஷன். அதற்கு அடுத்த வாரம் வேறு பாடம். அவன் அந்த வருடம் முழுவதும் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

வேலையை விட்ட பிறகு ஒரு மத்தியானம் உட்கார்ந்து 13ஐப் போட்டுப் பார்த்தேன். 1/13 என்றால் 076923. 2/13 என்றால் 153846, முதலாவதை எங்கிருந்து சுற்றினாலும் இது வராது. 3/13 என்றால் 230769, மறுபடி முதல் கூட்டம். பன்னிரண்டு பின்னத்தையும் போட்டு முடித்தபோது ஆறு பின்னம் ஒரு வளையத்திலும் ஆறு பின்னம் இன்னொன்றிலும் சுற்றின. வரும், ஆனால் ஒரு வளையம் இல்லை, இரண்டு. அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். இல்லை, சொல்லியிருக்கக்கூட வேண்டாம். ‘போட்டுப் பாரேன், நான் இங்கேயே இருக்கேன்’ என்றிருந்தால் போதும்.

நான் கெட்ட டீச்சர் இல்லை அம்மா. உங்கள் மகனின் டீச்சரும் கெட்டவராக இருக்க மாட்டார். 40 பேர், 45 நிமிடம், எல்லாரும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருவனுடைய கேள்விக்காக நின்றால் பாடத்திட்டம் முடியாது. தன் கேள்விக்கு இங்கே இடமில்லை என்று பிள்ளை சீக்கிரமே தெரிந்துகொள்கிறது. சில பிள்ளைகள் அதற்குப் பழகிவிடுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கிறது.

உடனே நிறுத்த வேண்டாம். இந்த மாதம் ஒரு பூதக்கண்ணாடியும் கோடு போடாத நோட்டு ஒன்றும் வாங்கி அவன் கையில் கொடுங்கள். எறும்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வகுப்பு டீச்சரைத் தனியாகச் சந்தித்து எறும்புக் கதையைச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் எழுதியவருக்கு இந்தப் பையனைத் தெரிந்திருக்காது. இதெல்லாம் செய்தும் திங்கள்கிழமை மாறவில்லை என்றால், பள்ளியை மாற்றுவதா, வீட்டிலேயே படிப்பதா என்று பேசுங்கள். அந்தப் பேச்சில் அவனும் இருக்க வேண்டும்.

சம்பளம் வாங்கிச் சாப்பிட்ட தொழிலையே குறை சொல்கிறீர்கள். கட்டாயக் கல்விச் சட்டம் வராமல் இருந்தால் ஏழைப் பிள்ளைகள் இன்றும் ஆலையில்தான் கிடந்திருப்பார்கள். அந்தச் சட்டத்தை எடுத்துவிடச் சொல்கிறீர்களா?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லவில்லை. 1833இல் பிரிட்டனின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் 9 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 9 முதல் 13 வயது வரை உள்ளவர்களுக்குத் தினம் இரண்டு மணி நேரம் படிப்பு சொல்லித்தர வேண்டும் என்றது. பிள்ளையைத் தறியிலிருந்து விடுவித்த கையை நானும் வணங்குகிறேன்.

ஆனால் இந்தச் சட்டங்களுக்கு இன்னொரு வேரும் இருந்தது. பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் இரண்டாம் பிரெடரிக் மன்னர் 1763இலேயே ஐந்து வயதிலிருந்து பதின்மூன்று, பதினான்கு வயது வரை பள்ளிக்குப் போயாக வேண்டும் என்று ஆணை போட்டார். அது தறியிலிருந்து விடுவிக்க வந்த ஆணை இல்லை. அரசுக்கு அடங்கிய, பக்தியுள்ள, உபயோகமான குடிமக்கள் வேண்டும் என்று வந்தது. அடுத்த நூற்றாண்டில் பல நாட்டுக் கல்வி அதிகாரிகள் பிரஷ்யாவுக்குப் போய்ப் பார்த்து வந்து அதைப் போலச் செய்தார்கள். பிள்ளையைக் காப்பாற்றுவது, பிள்ளையைப் பழக்குவது என்று இரண்டு நோக்கம் ஒரே கட்டிடத்துக்குள் குடியேறியதில் எது எந்தச் சுவர் என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இன்னொன்றையும் பாருங்கள். அமெரிக்காவில் முதன்முதலில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1852இல் பள்ளி வருகையைக் கட்டாயமாக்கியபோது கேட்டது வருடத்துக்கு 12 வாரம். 8 முதல் 14 வயது வரை மட்டும். கடைசி மாநிலமான மிசிசிப்பி 1918இல் வந்து சேர்வதற்குள் வாரங்களும் வருடங்களும் கூடிக்கொண்டே போயிருந்தன. பிரான்சில் கல்வி அமைச்சர் ஜூல் ஃபெரியின் 1882ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியைத்தான் கட்டாயமாக்கியது. அதைப் பள்ளியிலும் தரலாம், வீட்டில் தகப்பனோ அவர் தேர்ந்தெடுத்த ஒருவரோ தரலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அதே பிரான்சில் 2022 முதல் வீட்டில் கற்பிக்க அரசின் முன் அனுமதி வேண்டும். ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். அதை எதிர்த்துப் போன ஒரு குடும்பத்தின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006இல் ஏற்கவில்லை. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் ‘பள்ளிக்குப் போயோ அல்லது வேறு விதமாகவோ’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த ‘வேறு விதமாக’ என்பதைப் பிடித்துக்கொண்டு பல்லாயிரம் குடும்பங்கள் நடக்கின்றன.

என் சண்டை இந்த இடத்தில்தான் ஐயா. கட்டாயம் யார் மேல் இருக்க வேண்டும்? கதவைத் திறந்து வைக்கும் கட்டாயம் அரசுக்கு வேண்டும். பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் இருக்கும் கட்டாயம் பெற்றவர்களுக்கு வேண்டும், எனக்கும் உங்களுக்கும் வேண்டும். ஒரு பிள்ளை இந்த நிமிடம் இந்தப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் வேறு வகை. 1989இல் ஐ.நா. கொண்டுவந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக, இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. எல்லாரும் அதைச் சொல்கிறார்கள். அதே உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. 27 வருடத்தில் என்ன படிக்கலாம் என்று நான் ஒரு பிள்ளையைக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டதுண்டா?

கட்டாயப்படுத்தாவிட்டால் எந்தப் பிள்ளை வாய்ப்பாடு படிக்கும்? விட்டால் நாள் முழுக்க போனில் கேம்தான்.
– இரு பிள்ளைகளின் தகப்பன்

உங்கள் பிள்ளைகள் பேசக் கற்றதை நினைத்துப் பாருங்கள். யாரும் பாடம் எடுக்கவில்லை, தேர்வு வைக்கவில்லை. இரண்டரை வயதில் ‘போனேன், போவேன்’ என்று காலம் மாற்றிப் பேசினார்கள். இலக்கணத்தில் அதைவிடக் கஷ்டமான ஒன்றை நாம் எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை.

பரிசு கொடுத்தால் ஆசை வளரும் என்று நானும் நம்பினேன். நட்சத்திர ஸ்டிக்கர் பெட்டி ஒன்று எப்போதும் என் மேசையில் இருக்கும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஸ்கெட்ச் பேனாவில் படம் போடுவதில் முன்பே ஆசை உள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரிடம் ‘படம் போட்டால் சான்றிதழ் உண்டு’ என்று சொல்லிப் போட வைத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு எதுவும் சொல்லவில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டு ஒளிந்திருந்து பார்த்தார்கள். சான்றிதழுக்காகப் போட்ட பிள்ளைகள் மற்றவர்கள் போட்டதில் ஏறக்குறைய பாதி நேரம்தான் படம் போட்டார்கள். அதைப் படித்த பிறகு ஸ்டிக்கர் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

வாய்ப்பாட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரப் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்த பெனசெட் என்பவர் 1929இல் சில வகுப்புகளில் கணக்குப் பாடத்தை முதல் ஐந்து வருடம் நிறுத்தியே விட்டார். அதற்குப் பதிலாகப் பிள்ளைகளைப் பேசவைத்தார், உயரத்தையும் தூரத்தையும் கண்ணால் மதிப்பிட வைத்தார். ஆறாம் வகுப்பில்தான் முறையான கணக்கு. அந்த வருடம் முடிவதற்குள் அவர்கள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள். நான் ஐந்து வருடம் போராடிப் புகட்டியதை, தேவை வந்த பிள்ளை ஒரே வருடத்தில் எடுத்துக்கொள்கிறது. வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசரம்தான் வேண்டாம்.

போன் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. பிள்ளையை விடாமல் பிடித்து வைப்பதற்காகவே சம்பளம் வாங்கும் பெரியவர்கள் செய்த பொருள் அது. அதன் முன்னால் பிள்ளையை விட்டுவிட்டு ‘சுதந்திரம்’ என்று சொல்ல எனக்கு மனசு வராது. என் வீட்டில் அதற்கு அளவு இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காலையிலிருந்து மாலை வரை இன்னொருவர் சொல்லும் வேலையைச் செய்துவிட்டு, இரவில் வீட்டுப்பாடமும் முடித்த பிள்ளைக்குத் தானே முடிவு எடுக்கும் ஒரே இடம் அந்த கேம்தான்.

எங்கள் மகளுக்கு 11 வயது. பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவு செய்துவிட்டோம். எந்த நேரத்துக்கு என்ன பாடம் என்று ஒரு டைம்டேபிள் போட்டுத் தர முடியுமா, மேடம்?
– ஒரு தம்பதி

டைம்டேபிள் போட்டுத் தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அதைப் போட்டால் பள்ளியைத்தான் வீட்டுக்குள் கொண்டுவருவீர்கள். அங்கே தோழிகளாவது இருந்தார்கள்.

என் மகளும் 11லிருந்து 14 வயது வரை வீட்டில்தான் படித்தாள். முதல் இரண்டு மாதம் அவள் எதுவுமே செய்யவில்லை. தூங்கினாள், மொட்டை மாடியில் நடந்தாள், பழைய கதைப் புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள். நான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் பொறுக்க முடியாமல் கணக்குப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஒரு வாரத்தில் பாழானதைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆனது. பள்ளியின் பழக்கம் பிள்ளையிடமிருந்து இறங்க நாள் பிடிக்கும். நம்மிடமிருந்து இறங்க அதைவிட அதிகம் பிடிக்கும்.

அப்புறம் ஒரு நாள் என் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். நாலு மாதம் அதை விட்டு எழுந்திருக்கவில்லை. தனக்கு ஒரு சட்டை தைக்க வேண்டும். உடம்புப் பகுதி வந்துவிட்டது, கை பொருந்தவில்லை. வெட்டி வெட்டி நாலு கை வீணானது. ஐந்தாவது முறை ஒரு நூலை எடுத்து, தோள் துவாரத்தின் வளைவு மேல் அப்படியே படிய வைத்து, நூலை நிமிர்த்தி ஸ்கேலில் அளந்தாள். கையின் மேல் வளைவையும் அப்படியே அளந்தாள். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் கை இறுக்குகிறது, கையின் வளைவு கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் தோளில் அழகாக உட்காருகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். எவ்வளவு கூடுதல் என்று ஒரு நோட்டில் பட்டியல் போட்டாள். வளைகோட்டின் நீளத்தைப் பற்றி நான் பத்து வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். நூலால் அளக்கலாம் என்று ஒரு வகுப்பிலும் எனக்குத் தோன்றவில்லை. பின்னம் அவளுக்கு அந்த நோட்டில்தான் வந்தது.

அப்படியென்றால் நீங்கள் என்ன செய்வது? நிறைய இருக்கிறது. சும்மா விடுவதற்கும் தானாகக் கற்க விடுவதற்கும் நடுவில் ஒரு பெரியவரின் முழு வேலை இருக்கிறது. இவான் இலிச் என்ற சிந்தனையாளர் 1971இல் பள்ளிக்குப் பதிலாக என்ன என்ற கேள்விக்கு நான்கு தொடர்புகளைச் சொன்னார். தொட்டுப் பார்க்கப் பொருள்கள், ஒரு வேலையைத் தெரிந்து செய்து காட்டுகிறவர்கள், அதே ஆசை உள்ள கூட்டாளிகள், கேட்டால் வழிகாட்டும் அனுபவசாலிகள். உங்கள் மகளுக்கு இந்த நாலில் எது குறைகிறது என்று மாதம் ஒரு முறை பாருங்கள். எங்கள் வீட்டில் குறைந்தது கூட்டாளி. ஒரே பிள்ளை. இரண்டாவது வருடம் அவள் தனிமையில் வாடியதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். நூலகத்தில் வாரம் இருமுறை கூடும் ஒரு பிள்ளைக் குழுவில் சேர்ந்த பிறகுதான் முகம் தெளிந்தது. இதில் நீங்கள் தாமதிக்காதீர்கள்.

இதையே ஒரு பள்ளியாக நடத்தியவர்களும் இருக்கிறார்கள். ஏ.எஸ். நீல் 1921இல் ஜெர்மனியில் தொடங்கி, பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த சம்மர்ஹில்லில் வகுப்புக்குப் போவது பிள்ளையின் விருப்பம். அமெரிக்காவின் சட்பரி வேலி பள்ளி 1968இல் தொடங்கியது. அங்கே பாடத்திட்டமே கிடையாது. பள்ளி விதிகளை எல்லாரும் கூடி ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள், ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. இரண்டும் இன்றும் நடக்கின்றன.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டு, மகள் நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் இருப்பதாக இருந்தால் நிறுத்தாதீர்கள். அதைவிடப் பள்ளி நல்லது. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தையும் முதலில் படியுங்கள், நாட்டுக்கு நாடு மாறும்.

பள்ளியை விட்ட எத்தனையோ பேர் மேதை ஆனார்கள். அவர்கள் பட்டியலை வெளியிடுங்களேன், மக்கள் நம்புவார்கள். சான்றிதழ் எதற்கு?
– ஒரு கல்லூரி மாணவர்

அந்தப் பட்டியலை நான் வெளியிட மாட்டேன் தம்பி. பள்ளியை விட்டு அல்லாடியவர்களின் பட்டியலை யாரும் போடுவதில்லை, அதனால் இந்தப் பட்டியல் எதையும் நிரூபிக்காது. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயை எல்லாரும் சொல்வார்கள். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் சேர்ந்தவர், பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிப் படித்தவர். உண்மைதான். ஆனால் கடை முதலாளி அவரைப் படிக்க விட்டார். கடைக்கு வந்த ஒருவர் வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுக்கு டிக்கெட் கொடுத்தார். அங்கே எடுத்த குறிப்புகளை ஃபாரடே பைண்ட் செய்து அனுப்பியபோது டேவி அதைத் திறந்து பார்த்தார், 1813இல் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். ஃபாரடே தனியாக எதையும் கற்கவில்லை. கதவைத் திறக்க மூன்று பேர் இருந்தார்கள்.

சான்றிதழ் இன்றைக்கு வேண்டும், இல்லையென்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் அதற்குப் பள்ளி ஒன்றுதான் வழி என்பதில்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது முந்தைய சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. தனித்தேர்வராக எழுதும் வழியும் பல நாடுகளில் உண்டு. என் மகள் அப்படித்தான் எழுதினாள்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது டீச்சர். நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எனக்கு 38 பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், மேலே ஒரு ஹெச்.எம். நான் என்ன செய்ய முடியும்?
– ஓர் இளம் ஆசிரியை

நிறைய முடியும் அம்மா. வேலையை விட்டுவிடாதே. உன்னைப் போன்றவர்கள் உள்ளே இருக்க வேண்டும்.

முதலில் மூன்று விநாடி. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்புகளை டேப்பில் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அப்புறம் வேறு பிள்ளையைக் கேட்கிறார்கள் அல்லது தாங்களே விடையைச் சொல்லிவிடுகிறார்கள். மூன்று விநாடி காத்தபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் கூடின. இதற்கு ஹெச்.எம். அனுமதி வேண்டியதில்லை. நாளைக்கே செய்யலாம்.

அப்புறம், உன் முகம். பதிலைச் சொல்லும் பிள்ளை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லும். புருவம் சுருங்கினால் பாதியில் மாற்றிச் சொல்லும். ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர் தன் வகுப்பிலேயே இதைக் கவனித்து 1964இல் எழுதினார். பிற்பாடு பள்ளிகளைத் திருத்துவதில் நம்பிக்கை போய், 1977இல் வீட்டில் கற்கும் குடும்பங்களுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். பிள்ளை சொல்லி முடித்ததும் ‘சரி’ என்றும் சொல்லாமல், ‘தப்பு’ என்றும் சொல்லாமல், ‘எப்படி வந்தது?’ என்று மட்டும் ஒரு வாரம் கேட்டுப் பார். சரியான விடைக்கும் அதையே கேள்.

இன்னும் ஒன்று. கரும்பலகையின் ஒரு மூலையை அழிக்காமல் வை. மணி அடிக்கும்போது வருகிற கேள்வியை, கேட்ட பிள்ளையின் பெயரோடு அங்கே எழுது. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பை அந்த மூலைக்குக் கொடு. பாடத்திட்டத்தில் ஒரு வகுப்பு குறையும். குறையட்டும். எனக்கு இது தோன்றியிருந்தால் 13 அங்கே இருந்திருக்கும்.

டீச்சர், எனக்கு 13 வயது. நான் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் நிறுத்த மாட்டார்கள், நானும் கேட்கவில்லை, என் பிரெண்ட்ஸ் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் எனக்கே எனக்கு என்று ஏதாவது படிக்க வேண்டும் போல இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– எட்டாம் வகுப்பு மாணவி

மகளே, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ‘எனக்கே எனக்கு’ என்று எழுதியிருக்கிறாய் பார், அதுதான் ஆரம்பம்.

ஸ்கூல் நோட்டு இல்லாமல் வேறு ஒரு நோட்டு எடுத்துக்கொள். அதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, திருத்தக் கொடுக்க வேண்டியதில்லை. நாள் பூராவும் உனக்கு வரும் கேள்விகளை அதில் எழுது. வகுப்பில் கேட்க வெட்கமாக இருப்பவை, யாரும் பதில் சொல்லாமல் விட்டவை எல்லாம். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார். ஏழு நாள் கழித்தும் எது உன்னைக் குறுகுறுவென்று இழுக்கிறதோ அதை மட்டும் பிடித்துக்கொள். இரண்டு நாளில் அலுத்துவிட்டால் விட்டுவிடு, தப்பில்லை. அதைத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் போய்க் கேள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள், அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

எதுவும் தோன்றவில்லை என்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்தில் முதல் பதிலில் 7ஐயும் 13ஐயும் பற்றி எழுதியிருக்கிறேன், படி. 7க்கு ஒரு வளையம், 13க்கு இரண்டு. 17க்கு எத்தனை? கால்குலேட்டர் வேண்டாம், அதன் திரை பாதியிலேயே நின்றுவிடும். பெரிய தாளாக எடுத்து, 1ஐ 17ஆல் கையால் வகுத்துக்கொண்டே போ. ஒவ்வொரு படியிலும் வரும் மீதியை ஓரத்தில் எழுதி வை, ரகசியம் அந்த மீதிகளில்தான் இருக்கிறது. எப்போது திரும்ப 1 மீதி வருகிறதோ அப்போது நிறுத்து. அதற்கப்புறம் 19, 23 என்று உன் இஷ்டம். எனக்கு எழுதிப் போடு, நான் காத்திருக்கிறேன்.